விசாரணைக்கு முன்பே தண்டனையா?

"அடிப்பதையே தொழிலாகக் கொண்டவனுக்குப் பட்டாளத்துக்குப் போக என்ன தயக்கம்?" யுத்த காலங்களில் குத்துச்சண்டை வீரர்களைப் பார்த்துப் பலரும் கேட்ட கேள்வி இது. மேடையில் கையுறை உண்டு, மத்தியஸ்தர் உண்டு, மணி அடித்தால் கையை இறக்க வேண்டும் என்ற விதி உண்டு. போர்க்களத்தில் மணி அடிப்பவர் யார்? இரண்டும் ஒன்றல்ல என்பதை முதலில் மனதில் கொள்வோம்.

குத்துச்சண்டைக்காரனை நாம் ஒரு தொழிலாளியாகவே காண்கிறோம். பால்வெட்டுத் தொழிலாளியைப் போலவே அவனும் உடம்பை நம்பிப் பிழைப்பவன். அவனுடைய நல்ல காலம் சில ஆண்டுகளே. அந்த ஆண்டுகளைப் பறித்துவிட்டால், திருப்பித் தர எந்தச் சர்க்காராலும் முடியாது. அமெரிக்காவில் மூன்று உலகச் சாம்பியன்களுக்கு நேர்ந்ததைத் தொழிலாளத் தோழர்களும் கிராணிமார்களும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதல் உலக யுத்தத்தின்போது ஜாக் டெம்சி, தம்மை நம்பிக் குடும்பம் இருக்கிறது என்று கூறிப் படைச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றார். கப்பல் பட்டறைத் தொழிலாளியைப் போல உடுத்தி விளம்பரப் படத்துக்கு நின்றார். வேலை உடுப்பின் கீழே பளபளக்கும் சப்பாத்து தெரிந்தது; ஊர் கைகொட்டிச் சிரித்தது. 1919-ல் அவர் சாம்பியன் ஆனார். 1920-ல் சேவைக்குப் போகாமல் தப்பினார் என்று சான் பிரான்சிஸ்கோவில் வழக்குத் தொடரப்பட்டது. ஜூரிகள் அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தனர். பழிச்சொல் மட்டும் எளிதில் மறையவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: வழக்கு முடியுமுன் அவருடைய பட்டத்தை யாரும் பறிக்கவில்லை.

அடுத்தவர் ஜோ லூயிஸ். அலபாமாவின் ஏழைக் கறுப்பர் குடும்பத்தில் பிறந்தவர். 1942 ஜனவரியில் ஒரு பந்தயத்தின் பரிசுப் பணத்தைக் கடற்படை நிவாரண நிதிக்குக் கொடுத்துவிட்டு, உடனே சாதாரணச் சிப்பாயாகப் பட்டாளத்தில் சேர்ந்தார். சிப்பாயின் மாதச் சம்பளம் அப்போது 21 டாலர். அதே மார்ச் மாதம் இன்னொரு பந்தயத்தின் பணத்தைத் தரைப்படை நிதிக்கு அளித்தார். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைத்திருந்த அந்தப் பட்டாளத்தில், யுத்தம் முடியும்வரை சிப்பாய்கள் முன் காட்சிச் சண்டைகள் போட்டார். 1945-ல் பதக்கம் கிடைத்தது. பிறகு வரி இலாகாவின் கணக்கும் வந்தது. 1950-களில் வரிப் பாக்கியும் வட்டியும் அபராதமும் சேர்ந்து 10 லட்சம் டாலரைத் தாண்டின. ஓய்வு பெற்றிருந்தவர் கடனுக்காக மீண்டும் மேடையேறினார். 1951-ல் 37 வயதில், ராக்கி மார்சியானோவின் குத்து அவரைக் கயிற்றுக்கு வெளியே தள்ளியது. பின்னர் மல்யுத்த மேடையிலும் பிழைப்புத் தேடினார். பாராட்டுரைகள் கடனை அடைக்கவில்லை.

மூன்றாமவர் முகம்மது அலி. 1964-ல் பட்டாளத்தின் அறிவுத் தேர்வில் தேறாதவர் என்று அவரை ஒதுக்கினார்கள். வியட்நாம் யுத்தத்துக்கு ஆள் தேவைப்பட்டதும் தேர்ச்சி அளவைக் குறைத்து, 1966-ல் தகுதியானவர் என்றார்கள். கல்லூரி மாணவர்களுக்கோ அப்போது சேவையைத் தள்ளிப்போட வழி இருந்தது. தம் மதமும் மனசாட்சியும் இடம் தரவில்லை என்று கூறி, 1967 ஏப்ரல் 28-ல் ஹூஸ்டன் நகரில் அலி படையில் சேர மறுத்தார். அன்றே நியூயார்க்கில் அவருடைய லைசென்சு நிறுத்தப்பட்டது, பட்டமும் பறிக்கப்பட்டது. நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது ஜூன் 20-ல்தான்! வழக்கு விசாரணைக்கு வருமுன்பே பிழைப்பு பறிபோய்விட்டது. மூன்றரை ஆண்டுகள் அவர் மேடையேற முடியவில்லை.

"எத்தனையோ ஏழைப் பிள்ளைகள் போய் மடிந்தார்களே, இவருக்கு மட்டும் தனி நீதியா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நாமும் தனி நீதி கேட்கவில்லை. அலி ஓடி ஒளியவில்லை. 5 ஆண்டுச் சிறையும் 10,000 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டபோது சட்டப்படி அப்பீல் செய்தார். சட்டம் தண்டிக்கட்டும், ஆனால் விசாரித்துத் தண்டிக்கட்டும். கொலையிலும் கொள்ளையிலும் தண்டனை பெற்றவர்களுக்குக்கூட நியூயார்க் ஆணையம் லைசென்சு வழங்கியிருந்தது 1970-ல் நீதிமன்றத்தில் அம்பலமாயிற்று. அலிக்கு மட்டும் மறுத்தது தான்தோன்றித்தனம் என்று நீதிபதி தீர்ப்பளித்தார்.

1971 ஜூன் 28-ல் உச்ச நீதிமன்றத்தின் 8 நீதிபதிகளும் ஒருமனதாகத் தண்டனையை ரத்து செய்தனர். காரணம் என்ன? அவருடைய விலக்குக் கோரிக்கையை நிராகரித்த அப்பீல் வாரியம் ஏன் நிராகரித்தது என்று கூறவே இல்லை. காரணம் சொல்லாத ஓர் உத்தரவு ஒரு மனிதனின் 25 வயது முதல் 28 வயது வரையிலான காலத்தை விழுங்கிவிட்டது. 1975 ஜூலை 1-ல் நம் கோலாலம்பூர் மெர்டேக்கா ஸ்டேடியத்தில் ஜோ பக்னரை 15 சுற்றுகளில் வென்றவர் 33 வயது அலி. அந்த இளமைக் காலத்து அலியை மேடையில் காணும் வாய்ப்பு உலகில் எவருக்கும் கிடைக்கவில்லை.

இது எங்கோ நடந்த கதை என்று தள்ளிவிடாதீர்கள். காலைப் பிரட்டில் "உனக்கு இன்று முதல் வேலை இல்லை" என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, குற்றத்தைப் பிறகு தேடுவதும் இதே அநீதிதான். ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்குமுன் முறையாக விசாரிக்க வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். நியாயமான காரணமின்றி நீக்கப்பட்டவர் 60 நாட்களுக்குள் முறையிடலாம் என்கிறது 1967-ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு. இந்த 60 நாட்களைத் துக்கத்திலும் தயக்கத்திலும் கழித்துவிடுவோர் உண்டு. அது கூடாது. கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அன்றே சங்கத்துக்கு வாருங்கள்.

லூயிஸ் கொடுத்தார், அலி மறுத்தார். இருவருமே பிழைப்பில் அடிபட்டார்கள். ஆகவே அதிகாரத்தின் பாராட்டை நம்பி உரிமையை விடவும் வேண்டாம். அதன் கோபத்துக்கு அஞ்சி உரிமையை மறக்கவும் வேண்டாம். விசாரணை முதலில், தண்டனை பிறகு. இந்த வரிசையை மாற்ற எவரையும் அனுமதியோம்!