பிணை நிற்கலாமா?



நெல்லைச் சீமையிலிருந்து பம்பாய்க்கு வந்து தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் குடியேறிய கிறிஸ்தவத் தமிழருக்குச் சபையே உறவு, சபையே ஊர். வேலை தேடித் தருபவர் சபையார். வாடகைக்கு அறை பார்த்துத் தருபவர் சபையார். பெண்ணுக்கு மாப்பிள்ளை விசாரித்துச் சொல்பவரும் சபையார். கடன் வாங்கும்போது பிணைக் கையொப்பம் இடுபவரும் அவர்களே. இந்தக் கடைசித் தொண்டைப் பற்றி வேதாகமம் மிகத் தெளிவாகப் பேசுகிறது. நாமோ அதைப் பற்றிப் பேசவே கூசுகிறோம்.

திலக் நகரில் ஒரு வீட்டு ஜெபக் கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். ஜெபம் முடிந்தது, தேநீரும் ஆயிற்று. வாசலில் செருப்பை மாட்டும் வேளையில், "அண்ணாச்சி, பேங்க்ல ஒரு கையெழுத்து வேணும். பேருக்குத்தான். மாசாமாசம் நான் கட்டிருவேன்" என்கிறார் ஒரு தம்பி. அண்ணாச்சி தயங்குகிறார். உடனே பக்கத்தில் நிற்பவர், ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கவேண்டும் என்று கலாத்தியர் நிருபம் ஆறாம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறார். அண்ணாச்சியின் வாய் அடைத்துவிடுகிறது. கை கையொப்பம் இடுகிறது.

அந்த அதிகாரத்தை இன்னும் மூன்று வசனம் தள்ளிப் படித்திருந்தால், அவனவன் தன் பாரத்தைத் தானே சுமப்பான் என்பதையும் பவுல் எழுதியிருப்பது தெரிந்திருக்கும். தமிழில் இரண்டிடத்தும் பாரம் என்ற ஒரே சொல் நிற்கிறது. கிரேக்க மூலத்திலோ சொற்கள் வேறு. முன்னது ஒருவனை அமுக்கிவிடும் பளு. பின்னது ஒவ்வொருவனும் தன் தோளில் ஏற்றிச் செல்லவேண்டிய மூட்டை. நோயும் சாவும் வேலையிழப்பும் முதல் வகை. தவணை முறையில் வாங்கும் மோட்டார் சைக்கிள் எந்த வகை என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

"பேருக்குத்தான்" என்ற சொல்லுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. 1872 ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 128 ஆம் பிரிவின்படி, கடன்பட்டவனுக்கு எவ்வளவு பொறுப்போ பிணை நின்றவனுக்கும் அவ்வளவு பொறுப்பு. வேறு விதமாக எழுதிக்கொண்டால் மட்டுமே மாறும். முதலில் கடன்காரனைப் பிடியுங்கள், பிறகு என்னிடம் வாருங்கள் என்று பிணையாளி சொல்லவும் முடியாது. பீகார் வங்கி வழக்கில் 1968 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அதைத் தெளிவாகவே தீர்த்துவிட்டது. கட்டிய பணத்தைக் கடன்காரனிடம் திரும்பக் கேட்கும் உரிமை பிணையாளிக்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் வங்கிக்கே கட்ட வழியில்லாதவனிடம் அண்ணாச்சி எதைக் கேட்டு வாங்குவார்?

நீதிமொழிகள் ஆகமத்தை எடுத்துப் பாருங்கள். ஆறாம் அதிகாரம் தொடங்கி இருபத்தேழாம் அதிகாரம் வரை ஆறு இடங்களில் பிணை நிற்பதைப் பற்றி எச்சரிக்கை வருகிறது. ஞாயிறு பள்ளிப் போட்டிக்குக் குழந்தைகளை எத்தனையோ வசனங்கள் மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இந்த வசனங்கள் அந்தப் பட்டியலில் இருந்ததை நான் கண்டதில்லை! ஆறாம் அதிகாரத்தின் அறிவுரை வியப்பானது. பிணைப்பட்டுவிட்டாயா, வேட்டைக்காரன் கையிலிருந்து மான் தப்புவது போலத் தப்பப் பார். கண்ணுக்கு உறக்கம் கொடாதே. வெட்கம் பாராமல் போய்க் கெஞ்சு என்கிறார் ஞானி. இருபத்திரண்டாம் அதிகாரம் காரணத்தையும் சொல்கிறது. கொடுக்க ஒன்றும் இல்லாத நீ பிணை நின்றால், நீ படுத்திருக்கும் படுக்கையையே எடுத்துப் போய்விடுவார்கள் என்பதே அது. ஒற்றை அறையில் வாழும் குடும்பத்துக்கு இந்தப் படுக்கை உவமை நன்றாகவே விளங்கும்.

இது கஞ்சனின் அறிவுரை என்று யாரேனும் எண்ணினால் அது தவறு. அதே நூலின் பத்தொன்பதாம் அதிகாரம், ஏழைக்கு இரங்கிக் கொடுப்பவன் கர்த்தருக்கே கடன் கொடுக்கிறான் என்று போற்றுகிறது. கொடு என்று சொல்லும் நூல்தான் பிணை நில்லாதே என்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போது கருத்துத் தெளிவாகிறது. கையில் உள்ளதைக் கொடுப்பது ஈகை. கையில் இல்லாததை நாளைக்குத் தருவதாக எழுதிக் கொடுப்பது சூதாட்டத்துக்கு அடுத்த வீடு. திருவள்ளுவரும் தெரிந்து தெளிதல் என்று ஓர் அதிகாரமே வகுத்து, ஆராயாமல் ஒருவனை நம்புவது தீராத துன்பம் தரும் என்று முடித்தார்.

அப்படியானால் வேதாகமத்தில் பிணை நின்ற நல்லவர் எவருமே இல்லையா? இருக்கிறார். ஆதியாகமத்தில் பஞ்சக் காலத்தில் தானியம் வாங்க எகிப்துக்கு மீண்டும் போகவேண்டும். கடைக்குட்டி பென்யமீனையும் அழைத்துப் போகவேண்டும். தகப்பன் யாக்கோபு அனுப்ப மறுக்கிறான். மூத்தவன் ரூபன் முன்வந்து, பென்யமீனைத் திரும்பக் கொண்டுவராவிட்டால் என் இரண்டு பிள்ளைகளையும் கொன்றுபோடும் என்கிறான். யாக்கோபு அதை ஏற்கவில்லை. பின்னர் யூதா வந்து, நானே பிணை, என்னிடத்திலேயே கேளும் என்கிறான். தகப்பன் மனம் இளகுகிறது. எகிப்தில் சோதனை வந்தபோது தம்பிக்குப் பதிலாக அடிமையாக நிற்க யூதா தன்னையே ஒப்புக்கொடுக்கிறான்.

ரூபன் பிணை வைத்தது தன்னுடையது அன்று, பிள்ளைகளின் உயிர். யூதா வைத்தது தன்னை. இந்த வேறுபாட்டைத்தான் நம் சபையார் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்கவேண்டும். வீட்டில் ஒரு சொல்லும் சொல்லாமல் பிணைக் கையொப்பம் இட்டு வருகிற குடும்பத் தலைவர் எதைப் பிணை வைக்கிறார்? மகளின் கல்லூரிக் கட்டணத்தை வைக்கிறார். மனைவி சிறுகச் சிறுகச் சேர்த்த சீட்டுப் பணத்தை வைக்கிறார். தியாகம் செய்ததாக அவர் நினைக்கிறார். தியாகம் செய்யப் போவது வேறு யாரோ! பவுல் அடிகளும் ஒநேசிமுவின் கடனைத் தன் கணக்கில் வைக்குமாறு பிலேமோனுக்கு எழுதினார். நானே செலுத்துவேன் என்று தன் கைப்படவே எழுதினார். அவருடைய கணக்கில் வேறு எவருடைய சோறும் இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான். திரும்பி வராவிட்டாலும் கொடையாகக் கருதி விடக்கூடிய தொகைக்கு மட்டும், வீட்டாரின் சம்மதத்தோடு, உச்ச வரம்பை எழுத்தில் குறித்துப் பிணை நிற்கலாம். அதற்கு மேல் நிற்பது அன்பு ஆகாது. நம் மாணவரிலும் பலர் இதை இப்போதே அறிந்திருப்பார்கள். வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில் நான்கு லட்சம் ரூபாய் வரை பெற்றோர் கூட்டாகக் கையொப்பமிட்டால் போதும். அதைத் தாண்டி ஏழரை லட்சம் வரை மூன்றாம் ஆளின் பிணையும் முன்பு கேட்கப்பட்டு வந்தது. அந்த மூன்றாம் ஆள் பெரும்பாலும் ஒரு மாமாவோ சபை மூப்பரோதான். படிப்பை நடுவில் விட நினைக்கும் நண்பர் அவரையும் ஒரு கணம் நினைக்கட்டும்.

"எல்லாரும் இப்படிக் கணக்குப் பார்த்தால் ஏழை எங்கே போவான்?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வியே. வங்கியும் சகோதரரும் கைவிட்டவன் கந்துவட்டிக்காரனிடம்தான் போவான். 2017 அக்டோபரில் நெல்லை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கந்துவட்டிக்கு ஆளான ஒரு குடும்பம், இரண்டு பெண் குழந்தைகள் உட்பட நால்வர், தீக்குளித்து மாண்டதை நாம் மறக்க முடியாது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதலே தமிழ்நாட்டில் இருந்தது. சட்டம் இருந்தும் அந்தக் குழந்தைகளைக் காக்கவில்லை.

இதற்கு ஒரு வழியை ஜெர்மன் நாட்டில் ரைபைசன் என்ற சிற்றூர் மேயர் கண்டார். கிறிஸ்தவப் பற்று மிகுந்தவர். 1846-47 பஞ்சத்தில் ஏழைகளுக்கு ரொட்டி கிடைக்கச் சங்கம் அமைத்தார். முதலில் செல்வர்களையே ஏழைகளுக்குப் பிணை நிற்க வைத்தார். செல்வரின் கருணை நாளடைவில் களைத்துப் போகும் என்பதைக் கண்டார். 1864 இல் ஹெடஸ்டார்ப் ஊரில் கடன் வாங்குவோரையே உறுப்பினராக்கி, எல்லாருக்கும் எல்லாரும் பிணை என்ற முறையில் கடன் சங்கம் தொடங்கினார். ஒருவரை ஒருவர் அறிந்த சிறிய எல்லை. இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வாங்கும் கடன். நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை. தனி ஒருவன் சுமந்தால் முறியும் பளு, ஊரே சுமந்தால் தாங்கும் என்று காட்டினார்.

அந்த முறை நம் மண்ணுக்கும் வந்தது. சென்னை அரசு பிரெடரிக் நிகல்சன் என்ற அதிகாரியை ஐரோப்பாவின் கடன் சங்கங்களை ஆராய அனுப்பியது. 1895 இலும் 1897 இலும் அவர் அளித்த அறிக்கை, ரைபைசனைப் போன்ற ஒருவரை இங்கே கண்டுபிடியுங்கள் என்ற கருத்தோடு முடிகிறது. திட்டத்தைத் தேடப் போனவர் மனிதனைத் தேடச் சொன்னார்! 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. அதே ஆண்டில் திருவள்ளூரை அடுத்த திரூரில் தமிழகத்தின் முதற் சங்கம் பதிவாயிற்று.

இன்று பம்பாயின் குடிசைப் பகுதிகளில் பெண்களைக் குழுவாக்கிக் கடன் தரும் நிறுவனங்களும் ஒருவருக்கொருவர் பிணை என்றுதான் சொல்கின்றன. ஆனால் பணம் வெளியாருடையது, இலாபமும் வெளியாருக்கு. ஒருத்தி தவணை தவறினால் மற்றப் பெண்கள் அவள் வாசலில் போய் உட்காரவேண்டும். கடன் கொடுத்தவன் அடகுப் பொருளை வாங்கக் கடன்காரன் வீட்டுக்குள் நுழையலாகாது, வெளியே நிற்கவேண்டும் என்று உபாகமம் இருபத்து நாலாம் அதிகாரம் கட்டளையிடுகிறது. இங்கே கடன் கொடுத்தவன் தன் இடத்தைவிட்டு அசையவேண்டியதே இல்லை; அயலகத்தாளை அனுப்பிவிடுகிறான்.

நம் சபைகள் ஒவ்வொன்றும் சிறிய நிதி ஒன்று தொடங்கினால் என்ன? மருத்துவமனை முன்பணம், பள்ளிக் கட்டணம், வாடகை வைப்புத்தொகை ஆகியவற்றுக்கு மட்டும் கடன். கல்யாணப் பந்தலுக்கு இல்லை. வட்டி வாங்குவதானால் மராத்தியர் பத்பேடி என்று வழங்கும் கடன் சங்கமாகவே 1960 ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சட்டப்படி பதிவு செய்துகொள்ளவேண்டும். சங்கம் என்ற பெயரே காப்பாற்றிவிடும் என்றும் மயங்கவேண்டாம். 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியில் போட்ட பணத்தை எடுக்க முடியாமல் இந்நகரத்தார் வரிசையில் நின்றது நினைவிருக்கட்டும். எனவே கணக்கு மாதந்தோறும் வாசிக்கப்படவேண்டும். காணிக்கைக் கணக்கு வாசிக்கும் அதே இடத்தில், எல்லார் காதிலும் விழ, நிலுவையில் உள்ளவர் பெயரைச் சொல்லாமல் தொகையை மட்டும் சொல்லி வாசிக்கட்டும். கணக்கெழுத ஆள் இல்லை என்று மூப்பர்கள் சொல்வார்களானால், வணிகவியல் படிக்கும் நம் சங்க உறுப்பினர் பலர் ஞாயிறு மாலையில் வீட்டில் சும்மாதான் இருக்கிறார்கள்.