குறை சொல்லி விற்ற கார்

ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, எங்கள் பள்ளிவாசல் வாசலில் சில வாரங்களாக ஒரு காட்சியைக் காண்கிறேன். சகோதரர் ஒருவர் நிறுத்தி வைக்கும் வெள்ளை அம்பாசிடரைச் சுற்றி இளைஞர்கள் கூடுகிறார்கள். அதன் கதவு மூடும் கனத்த ஓசையைக் கேட்டு முதியவர்கள் புன்னகைக்கிறார்கள். சென்ற வாரம் ஓர் இளைஞர் என்னிடம் கேட்டார்: "பாய், இதுபோல ஒரு பழைய கார் வாங்கி ஓட்ட ஆசை. கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறது. எதை வாங்கலாம்?" அருகில் நின்ற பெரியவர் முந்திக்கொண்டார்: "வீண்விரயம் ஷைத்தானின் வேலை தம்பி." இருவருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

பெரியவரின் அச்சம் நியாயமானதே. ஆயினும் வாகனத்தில் மகிழ்வது தன்னளவில் குற்றமன்று. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நாம் ஏறிச் செல்வதற்காக மட்டுமின்றி அலங்காரமாகவும் படைத்திருப்பதாக அல்லாஹ் கூறுகின்றான் (16:8). அதே வேளையில், குதிரை ஒருவருக்கு நன்மையாகவும், ஒருவருக்குத் திரையாகவும், ஒருவருக்குப் பாவச்சுமையாகவும் அமையும் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். பெருமைக்காகவும் பிறர் பார்வைக்காகவும் கட்டி வைத்தவருக்கே அது சுமை. குதிரை ஒன்றுதான், நிய்யத் வேறு. காருக்கும் இதுவே அளவுகோல் என்பது என் கருத்து.

முதலில் பணம். குடும்பச் செலவும் கடனும் ஸகாத்தும் போக மிஞ்சும் பணத்தில் வாங்க இயலுமானால் வாங்குங்கள். வட்டிக் கடன் எடுத்து வாங்கும் ஆசைப்பொருளில் பரக்கத்தை எதிர்பார்க்க முடியாது. கையிலுள்ள தொகை முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடவும் கூடாது. மூன்றில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுபார்ப்புக்கென ஒதுக்குங்கள். பழைய கார் அதைக் கட்டாயம் கேட்கும்.

அடுத்து, சட்டம் என்ன சொல்கிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். 2021-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து, அசல் வடிவம் மாறாமல் பேணப்படும் வாகனமே 'விண்டேஜ்' எனப் பதிவு பெறும். அதன் எண்ணில் 'வி ஏ' என்னும் எழுத்துகள் இடம்பெறும். கண்காட்சிக்கும், அணிவகுப்புக்கும், எரிபொருள் நிரப்பவும், பராமரிப்புக்கும் அதை ஓட்டலாம்; அன்றாடப் பயணத்துக்கு ஓட்டக் கூடாது. ஆகவே ஓட்டி மகிழ விரும்புவோர், சாதாரணப் பதிவு செல்லுபடியாகும் காரையே தேட வேண்டும். 15 ஆண்டு கடந்த காரைத் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி 5 ஆண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கான கட்டணம் 2022-க்குப் பின் கணிசமாக உயர்ந்திருக்கிறது. பதிவு காலாவதியான காரை 'மலிவு' என்று நம்பி வாங்காதீர்கள்.

இனி எந்தக் கார் என்ற கேள்விக்கு வருவோம். குடும்பத்தோடு ஓட்ட நினைப்பவருக்கு அம்பாசிடரே என் தேர்வு. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடியொற்றி 1958 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாரான கார் அது. பழைய 1489 சிசி எஞ்சினுக்கு ஒரு தனி அழகு உண்டு. எனினும் 1990-களில் வந்த 1817 சிசி இசுசு பெட்ரோல் எஞ்சின் பூட்டிய வண்டிதான் இன்றைய நெடுஞ்சாலைக்கு ஈடுகொடுக்கும். தனியாகவோ இணையரோடோ செல்பவருக்கு ஃபியட் 1100-இன் வழிவந்த பிரீமியர் பத்மினி ஏற்றது. 1089 சிசி எஞ்சின், ஸ்டீயரிங் தண்டில் கியர், ஊர்ச் சந்துகளில் எளிதில் திரும்பும் உடல். சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டு இவ்விரண்டையும்விட அழகியது. ஆனால் உதிரிபாகம் தேடி அலையும் பொறுமை இல்லாதவர் அதைத் தொடாதிருப்பதே நலம்.

எதை வாங்கினாலும், எஞ்சினைவிடத் தகரத்தை அஞ்சுங்கள். எஞ்சினைப் பிரித்துச் சீராக்கிவிடலாம். துரு தின்ற உடலை மீட்பதற்குக் காரின் விலையைவிட அதிகம் செலவாகும். கால்மிதியைத் தூக்கித் தரையைப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பையும் ஜாக்கி வைக்கும் இடத்தையும் தட்டிப் பாருங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை உடலெங்கும் ஒட்டிப் பார்த்தால், பட்டி தடவிய இடத்தில் அது ஒட்டாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையில் சென்று முதல் ஸ்டார்ட்டைக் கேளுங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுக்கும் என்பதால், வாங்கியவுடன் அவற்றை மாற்றிவிடுங்கள்.

இவற்றில் பலவற்றை நான் பட்டுத்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன், பளபளக்கும் புதுப் பெயிண்டில் மயங்கி ஒரு பத்மினியை வாங்கினேன். முதல் மழையில் பின்இருக்கையில் இருந்த என் மகளின் காலடியில் தண்ணீர் ஊறி நின்றது. மிதியடியைத் தூக்கினால் தகரத்துக்குப் பதில் பட்டியும் தார்ப்பூச்சும். விற்றவர் பேசியிலும் சிக்கவில்லை. சீர்செய்ய ஆகும் தொகையைக் கேட்டுத் திகைத்து நின்ற என்னிடம் பட்டறைக்காரர் தணிந்த குரலில் சொன்னார்: "இதே மாதிரி மேல பூசி விட்டுடலாம் பாய். வாங்கின விலைக்கே தள்ளிடலாம்."

உண்மையைச் சொல்கிறேன், என் உள்ளம் அதற்கு இணங்கியது. என்னை ஏமாற்றினார்கள், நான் இழந்ததைத்தானே எடுக்கிறேன் என்று நியாயமும் கற்பித்தது. அன்றிரவு நினைவுக்கு வந்தது அந்தத் தானியக் குவியல். கடைவீதியில் குவியலுக்குள் கைவிட்ட நபி (ஸல்) அவர்கள் உள்ளே ஈரத்தைக் கண்டு, அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்த செய்தி முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அந்த வணிகர்கூட மழையில் நனைந்ததாகத்தான் சொன்னார். என் காரின் ஈரமோ, நானே பூசி மறைக்கவிருந்த ஈரம்.

வாங்க வந்தவரிடம் மிதியடியை நானே தூக்கிக் காட்டினேன். கொடுத்த விலையில் பாதிகூடத் திரும்பவில்லை. கசப்பே இல்லை என்று சொன்னால் அது பொய். வீட்டில் அந்த ஆண்டு அந்த இழப்பை அனைவரும் உணர்ந்தோம். ஆனால் அந்தக் கார் இன்னொரு குழந்தையின் காலடியில், பெற்றோர் அறியாத ஓட்டையோடு ஓடவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

நம் சமுதாயத்தில் வாகனத் தரகிலும் பட்டறைத் தொழிலிலும் ஈடுபட்டிருப்போர் பலர். "பார்த்துத்தானே வாங்கினீர்கள்" என்பது சந்தையில் எடுபடலாம். தெரிந்தே மறைத்த குறைக்கு அல்லாஹ்விடம் அது பதிலாகாது. மறைந்த குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை நம் ஃபிக்ஹு வாங்குபவருக்கு வழங்கியிருக்கிறது. ஒப்பந்தத்தின்போதே மூன்று நாள் வரை அவகாசம் நிபந்தனையாக வைத்துக்கொள்ளவும் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளில் இடமுண்டு. இதை ஏன் நாம் பயன்படுத்துவதில்லை? பேரம் முடியும்போது அந்த மூன்று நாளைக் கேளுங்கள்; எழுதி வாங்குங்கள்; பட்டறையில் காட்டுங்கள். நேர்மையான விற்பனையாளர் மறுக்கமாட்டார். மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

ஆகவே தம்பிக்கு என் பதில்: பெயரும் பெயிண்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர். குறைகள் வெளிப்படையாகத் தெரியும் காரை, அவற்றைச் சொல்லி விற்பவரிடம், சொந்தப் பணத்தில் வாங்குங்கள். பழைய டிரம் பிரேக் வண்டி நிற்பதற்குக் கூடுதல் தூரம் வேண்டும். இடைவெளி விட்டு நிதானமாக ஓட்டுங்கள். உடன் வருவோரின் உயிர் அமானிதம். பெரியவருக்கு என் வேண்டுகோள்: ஒருநாள் அதில் ஏறி உட்காருங்கள். நமக்கு இதை வசப்படுத்தித் தந்தவன் தூயவன் என்னும் பயண துஆவை, மெதுவாக ஓடும் அந்த வண்டியில் இருவரும் சேர்ந்து ஓதலாம்.

வாங்குவதிலும் விற்பதிலும் உண்மையாளர்களாக அல்லாஹ் நம்மை ஆக்கியருள்வானாக. ஆமீன்.