ஓடுபாதையில் ஒரு சொல்



வெளிநாடு செல்லும் மகனையோ மகளையோ விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வரும்போது நம் நெஞ்சு படபடக்கிறது. விமானம் வானத்தில் பறக்கும் நேரத்தைத்தான் நாம் ஆபத்தான நேரமாக எண்ணுகிறோம். ஆனால், விமான விபத்துகளிலேயே ஆகக் கூடுதலான உயிர்களைப் பலிகொண்ட விபத்து வானத்தில் நடக்கவில்லை. தரையில்தான் நடந்தது!

1977ம் ஆண்டு மார்ச் மாதம் 27ம் திகதி. ஸ்பெயினுக்குச் சொந்தமான கனரித் தீவுகளில் ஒரு விமான நிலையத்தில் குண்டு வெடித்தது. அங்கு இறங்க வேண்டிய விமானங்கள் பக்கத்துத் தீவான டெனரீஃபுக்குத் திருப்பி அனுப்பப்பட்டன. அந்தச் சிறிய விமான நிலையத்தில் இடநெருக்கடி. பக்கப் பாதைகளில் விமானங்கள் நின்றதால், புறப்பட வேண்டிய விமானங்கள் பிரதான ஓடுபாதையிலேயே ஊர்ந்து செல்ல நேர்ந்தது. போதாக்குறைக்கு அடர்ந்த மூடுபனி. கோபுரத்திலிருந்தவர்களுக்கு விமானங்கள் தெரியவில்லை. விமானிகளுக்கு ஒருவரையொருவர் தெரியவில்லை. தரையைக் கண்காணிக்கும் ராடரும் அங்கில்லை.

ஓடுபாதையின் ஒரு முனையில் நெதர்லாந்தின் கே.எல்.எம். விமானம் புறப்படத் தயாராக நின்றது. அதே ஓடுபாதையில் அமெரிக்காவின் பான் ஆம் விமானம் அதை நோக்கி ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. இரண்டும் போயிங் 747 ரகம்.

கே.எல்.எம். விமானத்துக்குச் செல்லவேண்டிய வழி மட்டுமே சொல்லப்பட்டிருந்தது. புறப்படும் அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் தலைமை விமானி விமானத்தை நகர்த்திவிட்டார். "இப்போது புறப்படும் நிலையில் இருக்கிறோம்" என்ற பொருளில் துணை விமானி கோபுரத்துக்கு அறிவித்தார். அவர் காத்திருக்கிறார் என்றே கோபுரம் விளங்கிக்கொண்டது. "ஓகே" என்றது. பிறகு, "காத்திருங்கள், நான் அழைப்பேன்" என்றது. அதே கணத்தில், "நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம்" என்று பான் ஆம் விமானியும் பேசினார். இரண்டு குரல்களும் ஒன்றோடொன்று மோதி வெறும் இரைச்சலாயின. கே.எல்.எம். விமானிகளின் காதில் தெளிவாக விழுந்தது "ஓகே" ஒன்றுதான்!

இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. விமானப் பொறியியலாளருக்குச் சந்தேகம் தட்டியது. "அந்த பான் ஆம் இன்னும் விலகவில்லையா?" என்று கேட்டார். தலைமை விமானி அந்நிறுவனத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர், அனுபவசாலி. "விலகிவிட்டது" என்று அழுத்தமாகச் சொன்னார். அதற்குமேல் யாரும் பேசவில்லை. சில விநாடிகளில் எல்லாம் முடிந்தது. 583 பேர் மாண்டனர். கே.எல்.எம். விமானத்தில் இருந்த 248 பேரில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. பான் ஆமில் 61 பேர் தப்பினர்.

இந்த விபத்துக்குப் பின் உலகம் இரண்டு பாடங்களைப் படித்தது. ஒன்று, "புறப்படுதல்" என்ற சொல்லைப் புறப்படும் அனுமதி தரும்போதும் அதை ரத்துச் செய்யும்போதும் மட்டுமே உபயோகிக்க வேண்டும். மற்றையது, பதவியில் சிறியவரும் தன் சந்தேகத்தைத் துணிந்து சொல்ல வேண்டும். பெரியவர் அதைக் காதுகொடுத்துக் கேட்க வேண்டும். இதற்கென்றே விமான ஊழியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்படுகிறது.

ஆனாலும் தவறுகள் ஓயவில்லை. 2001ம் ஆண்டு இத்தாலியின் மிலான் நகரில், மூடுபனியில் வழிமாறி ஓடுபாதைக்குள் நுழைந்த சிறிய விமானமொன்றுடன் பயணிகள் விமானம் மோதியதில் 118 பேர் இறந்தனர். 2024 ஜனவரி 2ம் திகதி டோக்கியோவின் ஹனெடா விமான நிலையத்தில், தரையிறங்கிய ஜப்பான் எயார்லைன்ஸ் விமானம், முதல்நாள் பூகம்பத்தில் பாதிக்கப்பட்டோருக்கு நிவாரணம் கொண்டுசெல்லவிருந்த கரையோரக் காவற்படை விமானத்துடன் மோதியது. புறப்படும் வரிசையில் "நீங்கள் முதலாவது" என்று கோபுரம் சொன்னதை, ஓடுபாதைக்குள் செல்ல அனுமதி என்று காவற்படை விமானி விளங்கிக்கொண்டிருந்தார். அந்தச் சிறிய விமானத்தில் ஐவர் இறந்தனர்.

ஆனால் தீப்பற்றிய பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிர் தப்பினர்! ஒலிபெருக்கி பழுதாகியும் பணியாளர்கள் உரத்த குரலில் வழிகாட்டினர். எட்டு வாசல்களில் மூன்றையே பாவிக்க முடிந்தது. பயணிகள் தங்கள் பைகளை விட்டுவிட்டு இறங்கினர்.

சகோதரிகளே! நம் பெண்களும் பிள்ளைகளும் அடிக்கடி விமானம் ஏறுகிறார்கள். அவர்களை அனுப்பும்போது மூன்று விடயங்களைச் சொல்லி அனுப்புங்கள். பணிப்பெண் காட்டும் பாதுகாப்பு விளக்கத்தைக் கவனமாகப் பார்க்கட்டும். தன் ஆசனத்திலிருந்து அவசர வாசல் எத்தனை வரிசை தள்ளியிருக்கிறது என்று முன்னும் பின்னும் எண்ணி வைக்கட்டும். ஆபத்தென்றால் பையை எடுக்க ஒருபோதும் நிற்கக் கூடாது. உழைத்து வாங்கிய சாமான்தான். ஆனால் அதை எடுக்க ஒருவர் நின்றால் பின்னால் வரும் அத்தனை பேருக்கும் வழி அடைபடும்.

இன்னொரு பாடம் வீட்டுக்கும் உரியது. "வாப்பா, அடுப்பை அணைத்தீர்களா?", "உம்மா, இந்த மருந்துதானா?" என்று பிள்ளை கேட்டால், "எனக்குத் தெரியும்" என்று வாயடைத்துவிடுகிறோம் அல்லவா? இனிமேல் ஒரு தடவை எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வோம். அன்று அந்த விமானத்தில் யாராவது ஒருவர் அப்படிச் செய்திருக்கக் கூடாதா?