அம்மானின் சுருட்டு

"குருதி இலகுவில் உறையாதவர்க்கு மாரடைப்பு வரமாட்டாது என்கிறார்களே, உண்மையா ஐயா?" என்று மாணவர் ஒருவர் நம்மை வினவினார். அவருடைய அம்மானுக்கு ஈமோபீலியா எனும் பரம்பரை நோய் உண்டு. ஐம்பது வயதைக் கடந்த அவர், "என் இரத்தந்தான் உறையாதே, எனக்கேன் அந்தப் பயம்?" என்று கூறிச் சுருட்டைக் கைவிட மறுக்கின்றாராம்.

அம்மான் கூற்றிற் பாதி உண்மை, மறுபாதி ஆபத்து.

குருதியை உறையச் செய்யும் காரணிகளுள் எட்டாவது குறைந்தால் ஈமோபீலியா 'ஏ'; ஒன்பதாவது குறைந்தால் 'பீ'. பெரும்பாலும் தாய்வழி வந்து ஆண்மக்களைப் பற்றுவது இந்நோய். விக்டோரியா மகாராணியாரின் மைந்தர் லியோபோல்ட் இளவரசர் இந்நோயுடையவர். 1884 இல் வீழ்ந்து காயமுற்று, 30 ஆம் வயதில் மாண்டார். முதுமை காண்பதே அரிதாயிருந்த அக்காலத்தில் இவர்களின் மாரடைப்பைப் பற்றி எவர் எண்ணினார்? 1964 இல் அமெரிக்காவில் ஜூடித் பூல் அம்மையார், பிளாஸ்மாவைப் பனிக்கட்டியாக்கி மெல்ல இளகவிட்டு, எட்டாம் காரணியைச் செறிவாகப் பெறும் வழியை வெளியிட்டார். அதன்பின் சிகிச்சை வளர்ந்தது, ஆயுளும் நீண்டது.

மாரடைப்பு இரு படிகளில் நேர்வது. முதலில் இதயத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் நாடிகளின் சுவரிற் கொழுப்புப் படிகின்றது. பின்னர் அப்படிவு வெடிக்க, அதன்மேற் குருதி உறைந்து வழியை அடைக்கின்றது. ஈமோபீலியா இரண்டாம் படியை ஓரளவு தடுக்கலாம், முதற்படியைத் தடுப்பதில்லை. குறைந்த காரணியை மருந்தால் நிரப்புகையில் அச்சிறு காப்பும் குன்றும். அன்றியும், உயர் குருதி அமுக்கம் இந்நோயினரிடை மிகுதி என ஆய்வுகள் காட்டுகின்றன. அது இதயத்தை வருத்துவதோடு, மூளையிற் குருதி கசியவும் ஏதுவாகும்.

ஆதலால் புகையை விடுதல், குருதி அமுக்கத்தையும் நீரிழிவையும் காலந்தோறும் சோதித்தல், வைத்தியர் சொற்படி உடலை இயக்குதல் ஆகியன இவர்க்கும் கடமையே.

நெஞ்சுவலி கண்டாலோ, கணமும் தாமதியாது வைத்தியசாலை சேர்தல் வேண்டும். பிறர்க்கு உதவும் அஸ்பிரின் இவர்க்குக் குருதிப்பெருக்கை விளைவிக்கலாம்; அதனைத் தாமாக விழுங்கலாகாது. நோயின் பெயரையும் வகையையும் முதலிற் கூறுக. அவற்றை எழுதிய சீட்டொன்று எப்பொழுதும் சட்டைப்பையில் இருத்தல் நன்று. அதனைக் கண்ட வைத்தியர், காரணியை நிரப்பியபின் அடைப்பை நீக்க வழி தேடுவர்.

மாணவரே, இதனை உம் அம்மானுக்கு வாசித்துக் காட்டும். அவர் சுருட்டை எறிந்தாரென்ற செய்தியை எதிர்பார்த்திருப்போம்.