எறியும் முன் திறந்து பாருங்கள்

வீட்டு அலமாரியில் பழைய வாக்மேன் கிடந்தால், குப்பையில் போட அவசரப்படாதீர்கள் மாணவர்களே. பாட்டுக் கேட்பதற்காகச் சொல்லவில்லை. ஒலித் தரத்தில் உங்கள் கைப்பேசியே மேல். மின்கலங்களை எடுத்துவிட்டு, திருப்புளியால் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள் என்கிறேன்.

முதல் வாக்மேனை சோனி நிறுவனம் 1979 ஜூலை 1ஆம் தேதி ஜப்பானில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. கையடக்கமான அந்தப் பெட்டிக்குள் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் நகர வேண்டும். வேகம் கூடினால் குரல் கீச்சிடும், குறைந்தால் இழுபடும்.

நாடாவைச் சுற்றும் சுருளை மோட்டார் சீராகச் சுழற்றினால் போதாதா? போதாது. நாடா சேரச் சேரச் சுருள் பருக்கிறது. ஒரு மணி நேரக் கேசட்டில் அதன் ஆரம் ஏறத்தாழ இருமடங்காகும். நாடாவின் வேகமும் அப்படியே ஏறிவிடும்.

விடை, ஒரு மெல்லிய எஃகுத் தண்டு. கேப்ஸ்டன் என்பார்கள். அதற்கும் ஒரு ரப்பர் உருளைக்கும் இடையில் சிக்கி நாடா நகர்கிறது. தண்டின் பருமன் மாறாது. அதனால் வேகமும் மாறாது. தண்டின் விட்டம் 2 மில்லிமீட்டர் என்றால் நொடிக்கு எத்தனை சுற்று? கணக்குப் போடுங்கள், ஏழரைக்குச் சற்று மேல் வரும். சுருளோ வந்த நாடாவைச் சுற்றிக்கொள்ள மட்டுமே. பருக்கும்போது அது மெதுவாகச் சுழல வேண்டுமே என்று, அதன் பிடியை வேண்டுமென்றே நழுவ விட்டிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

தண்டின் அடியில் கனமான உலோகச் சக்கரம் இருக்கும். மோட்டாரின் சிறு தடுமாற்றங்களை அதன் நிலைமம் விழுங்கிவிடும். நடக்கும்போது ஏற்படும் ஆட்டத்தைச் சமாளிக்க, சில மாடல்களில் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரண்டு சக்கரங்களே உண்டு.

நிலைமம் என்றதும் திடீரென நிற்கும் பேருந்தைத்தானே உதாரணம் காட்டுகிறோம்? ஒவ்வொரு பள்ளி அறிவியல் கூடத்திலும் திறந்த வாக்மேன் ஒன்று இருக்க வேண்டும் என்பது என் கட்சி. கைப்பேசியைத் திறந்தால் கறுப்புச் சில்லுகள்தான் தெரியும். இதில் எது எதை அசைக்கிறது என்பதைக் கண்ணாலேயே பின்தொடரலாம்.

ஓடாத வாக்மேனில் பெரும்பாலும் கெட்டிருப்பது மோட்டாரையும் சக்கரத்தையும் இணைக்கும் ரப்பர் வார்தான். தளர்ந்திருக்கும், அல்லது தார்போல் உருகி ஒட்டியிருக்கும். துடைத்துவிட்டு, அதே அளவுள்ள புது வாரை மாட்டினால் மறுபடி ஓடக்கூடும். ஒவ்வொரு பாகத்தையும் எடுக்கும் முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் திருகாணி எங்கிருந்தது என்பது நிச்சயம் மறந்துபோகும்.