பட்டணத்தில் படித்துவிட்டுப் பாளையத்தை அளக்க வருகிறார்கள்

நகரமைப்பில் முதுகலைப் படிப்பா, அதில் ராஜபாளையத்துக்காரனுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனுக்கும் என்ன வேலை என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என்னுடைய கேள்வி வேறு. இந்த மாதிரி ஊர்களை ஒரு தரம்கூட நடந்து பார்க்காமல் முடித்துவிடக் கூடிய படிப்புக்கு நகரமைப்பு என்று எப்படிப் பெயர் வைத்தார்கள்?

கோபமாக எழுதுகிறேன் என்று தோன்றினால் தோன்றட்டும். முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் எழுத்தர் நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். படித்தவர்கள் போட்ட திட்டங்கள் கோப்பாகி என் மேஜைக்கு வந்து போயிருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல எனக்கும் கொஞ்சம் இருக்கிறது.

என் தம்பி பேத்தி சிவில் இன்ஜினியரிங் முடித்தவள். கிருஷ்ணன்கோவிலில் 1984லேயே பொறியியல் கல்லூரி வந்துவிட்டதால் அந்தப் படிப்புக்கு எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் தூரம் போக வேண்டியதில்லை. நகரமைப்பில் மேற்படிப்பு என்றதும்தான் பெட்டி கட்டச் சொல்கிறார்கள். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம், டெல்லியில் 1959 முதல் அந்தப் பெயரில் இயங்கும் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர், அகமதாபாத்தில் செப்ட். எல்லாம் நல்ல இடங்கள்தான். "படிச்சிட்டு இங்க வந்தா எனக்கு என்ன வேலை இருக்கு தாத்தா?" என்று கேட்டாள். அவளுக்கு வாயால் பதில் சொல்ல முடியவில்லை. எழுதித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த இரண்டு ஊர்களைப் பாருங்கள். நடுவில் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தால் அதிகம். 2011 கணக்கெடுப்பில் ராஜபாளையத்தில் 1,30,000 பேருக்கு மேல், ஸ்ரீவில்லிபுத்தூரில் 75,000 பேருக்கு மேல். மில்லும் வியாபாரமும் அங்கே. கோர்ட்டும் கோவிலும் இங்கே. காலையில் வக்கீலும் கட்சிக்காரரும் ஒரு பக்கம் போனால், மில் ஷிஃப்டுக்கு ஆட்கள் எதிர்ப்பக்கம் போவார்கள். சத்திரப்பட்டியில் நெய்கிற மருத்துவத் துணி லாரியில் போகும் வழியும், கேரளாவுக்குக் காய்கறி போகும் வழியும், குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்கள் வழியும் ஒன்றே. திருமங்கலம்–கொல்லம் நெடுஞ்சாலை. முன்பு 208, இப்போது 744. உண்மையில் இது ஒரே ஊரின் இரண்டு முனை. காகிதத்தில் இரண்டு நகராட்சி. நடுவில் இருக்கும் ஊராட்சிகளை யார் கேட்பது?

ஸ்ரீவில்லிபுத்தூரைத் திட்டமிட்டது தேர். இதைப் பேச்சுக்காகச் சொல்லவில்லை. ஆடிப்பூரத்துக்கு ஆண்டாள் தேர் ஓட வேண்டுமானால் வீதிக்கு இத்தனை அகலம் வேண்டும், திருப்பத்தில் இத்தனை இடம் வேண்டும், சாக்கடைப் பாலம் இத்தனை பாரம் தாங்க வேண்டும், எவனும் திண்ணையை நாலு அடி முன்னால் இழுத்துக் கட்டக் கூடாது. வருடத்துக்கு ஒரு நாள் ஊரே சேர்ந்து வடம் பிடித்து ஆக்கிரமிப்பு ஆய்வு நடத்தியது என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன். ராஜபாளையம் வேறு ரகம். பழையபாளையம், புதுப்பாளையம், சிங்கராஜாகோட்டை, சக்கராஜாகோட்டை என்று ஆங்காங்கே கொத்துக் கொத்தாக எழுந்து, 1930களில் மில் வந்தபின் ரயில் பாதையையும் ரோட்டையும் ஒட்டிப் பரவிய ஊர். ஒரு வாத்தியாருக்குப் பாடம் நடத்த இதைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்? ஒன்று நடுவிலிருந்து விரிந்தது, மற்றது துண்டு துண்டாக ஒட்டியது. அரை மணி நேர டவுன் பஸ்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த விஷயத்தில் நம் மாகாணம் பின்தங்கியிருக்கவில்லை. பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரரை கவர்னர் பென்ட்லண்ட் 1914ல் அழைத்தார். அவர் நகரமைப்புக் கண்காட்சிக்காக அனுப்பிய படங்களும் வரைபடங்களும் வந்த கப்பலை எம்டன் கடலில் மூழ்கடித்துவிட்டது. (சென்னையில் குண்டு போட்டு, தமிழில் ஒரு வசவுச் சொல்லாகவே நிலைத்துவிட்ட அதே எம்டன்தான்.) மனிதர் விடவில்லை. நண்பர்களிடம் புதிதாகப் படங்கள் சேர்த்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சியை நடத்திவிட்டு, ஊர் ஊராக நடந்தே பார்த்தார். நம் பக்கத்துக் கோவில் நகரங்களின் மேல் அவருக்குப் பெரிய மதிப்பு. ஒரு ரோடு போட வேண்டும் என்பதற்காகப் பழைய தெருவை இடித்துத் தள்ளாதே, எந்தச் சுவர் போனால் காற்று வரும் என்று பார்த்து அதை மட்டும் எடு என்பது அவர் கட்சி. 1920ல் சென்னை நகரமைப்புச் சட்டமும் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் ஒரே வருடத்தில் வந்தன. 1971ல் நகர் ஊரமைப்புச் சட்டம். 1992ல் அரசியல் சாசனத்தின் 74வது திருத்தம். அதன்படி சேர்த்த பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிக்கான 18 பணிகள் உண்டு; முதல் வரியே நகரமைப்புதான்.

சட்டம் நூறு வருடம் முன்னாலேயே வந்தது. ஆள்தான் வரவில்லை. 2021 செப்டம்பரில் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையைப் படித்தேன். மாநில நகரமைப்புத் துறைகளில் 12,000 பேருக்கு மேல் தேவை. அனுமதித்திருக்கும் பணியிடங்கள் 4,000க்கும் குறைவு. அதிலும் பாதியளவு காலி. நாட்டில் உள்ள 7,933 நகர்ப்புற ஊர்களில் 65 சதவீதத்துக்கு முழுமைத் திட்டம் கிடையாது. பல மாநிலங்களில் நகரமைப்பாளர் பதவிக்கு நகரமைப்புப் பட்டம் கட்டாயமே இல்லை என்றும் அந்த அறிக்கையில் இருக்கிறது. கம்பவுண்டர் போதும், டாக்டர் வேண்டாம் என்று ஆஸ்பத்திரி நடத்துவதுபோல.

நகராட்சியில் நகரமைப்புப் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. அங்கே உள்ளவர்கள் உழைக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி, மனைப்பிரிவுக்குக் குறிப்பு, ஆக்கிரமிப்புக்கு நோட்டீஸ், கோர்ட் கேஸ். நாள் முடிந்துவிடும். வந்த விண்ணப்பத்துக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்வதில் ஒரு ஊர் எங்கே போக வேண்டும் என்று யோசிக்க நேரம் எங்கே? திருமங்கலத்திலிருந்து ராஜபாளையத்துக்கு நான்கு வழிச்சாலை வேலை நடக்கிறது. ரோடு வருவதற்கு முன்பே வயலில் கலர் கல் நட ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த மனைகளின் மழைநீர் எந்த ஓடையில் போய் விழும் என்பதை ஒவ்வொரு விண்ணப்பமாகப் பார்த்தால் தெரியாது. பத்து வருடத்துக்கு முன்னே முழுதாகப் பார்த்திருக்க வேண்டும்.

வெளியூர் ஆலோசகர்களிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்த ஊர், எந்த அலுவலகம் என்பது வேண்டாம். வழவழப்பான தாளில் ஐந்து கலரில் ஒரு வரைபடம் வந்தது. அதில் ஒரு கண்மாய் 'காலி நிலம்' என்று மஞ்சளில் இருந்தது. சித்திரை மாதத்தில் வந்து பார்த்திருப்பார்கள் போல, காய்ந்து கிடந்திருக்கும். 'அ' பதிவேட்டை எடுத்து, புல எண் போட்டு, இது நீர்நிலைப் புறம்போக்கு என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். 'பார்க்கப்பட்டது' என்று திரும்பி வந்தது. கொஞ்ச நாளில் கோப்பை ஓ.மு. போட்டு முடிக்கச் சொன்னார்கள். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு. ஒரு வருடம் வைத்திருந்துவிட்டு அழித்துவிடலாம். வரைபடத்தை மட்டும் நிரந்தரமாக வைத்துக்கொண்டார்கள். படம் போட்ட பிள்ளைகள் முட்டாள்கள் இல்லை, நல்ல மதிப்பெண் எடுத்தவர்கள். மடை, மறுகால் என்ற இரண்டு சொல் அவர்கள் படித்த எந்தப் புத்தகத்திலும் இல்லை, அவ்வளவுதான்.

பொது நிர்வாகப் படிப்பின் கதை இன்னும் மோசம். 1937லேயே சென்னைப் பல்கலைக்கழகம் அதில் டிப்ளமோ தொடங்கியது, இந்தியாவுக்கே முன்னோடி. இன்று அந்த எம்.ஏ. எதற்காக? பாதிப் பேருக்கு சிவில் சர்வீஸ் தேர்வின் விருப்பப் பாடம், 1987லிருந்து அப்படி. மீதிப் பேருக்கு அஞ்சல் வழியில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ள ஒரு பட்டம். மாக்ஸ் வெபர் வருவார், டெய்லர் வருவார். நம் அலுவலகங்கள் ஓடுகிற தாட்டன்ஹாம் முறை வராது. தன்பதிவேடு என்றால் என்ன, ஒரு தபால் எத்தனை கை மாறுகிறது, ஏன் ஒரு கையில் மட்டும் நின்றுவிடுகிறது என்பதை எந்த எம்.ஏ. வகுப்பிலும் பிரித்துக் காட்டி நான் பார்த்ததில்லை. எழுத்தருக்கோ பவானிசாகரில் சில வாரப் பயிற்சி, பிறகு துறைத் தேர்வு. அத்தோடு அவன் படிப்பு சரி. அறிவு வேறிடம், அனுபவம் வேறிடம். நடுவில் பாலம் கட்ட யாரும் ஒப்பந்தப்புள்ளி கோரவில்லை.

நான் பள்ளிப் படிப்பைப் பாண்டிச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அப்பாவுக்கு அங்கே மில் வேலை; பூர்வீகம் ராஜபாளையம் பக்கம். குடும்பம் ஊர் திரும்பியபோது எனக்கு பிரெஞ்சு வினைச்சொல் விகற்பமெல்லாம் தலைகீழ்ப் பாடம், ந.க.எண் என்றால் என்னவென்று தெரியாது. பிரெஞ்சுக்காரனை நான் தலையில் தூக்கி வைத்து ஆடுவதில்லை. பெரிய அதிகாரிகளை உருவாக்க 1945ல் அவன் ஆரம்பித்த 'எனா' பள்ளி, ஊர் தெரியாத மேல்தட்டுக்காரர்களை உற்பத்தி செய்கிறது என்று அவன் நாட்டிலேயே திட்டு வாங்கி, கடைசியில் மூடப்பட்டு, 2022ல் வேறு பெயரில் திறந்தது. ஆனால் இரண்டு காரியத்தை ஒழுங்காகச் செய்திருக்கிறான். ஒன்று, 1919ல் கோர்னுதே சட்டம். பத்தாயிரம் பேருக்கு மேல் உள்ள ஒவ்வொரு ஊரும் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது அது. அதே வருடம் பாரிசில் நகரமைப்பு சொல்லிக் கொடுக்கப் பள்ளியும் வந்தது. சட்டத்தையும் ஆளையும் சேர்த்தே யோசித்தான். இரண்டாவது, மண்டல நிர்வாகக் கல்லூரிகள். லீல், லியோன், நாந்த், மெட்ஸ், பஸ்தியா என்று ஐந்து ஊர்களில். பஸ்தியா கோர்சிக்கா தீவில் இருக்கும் துறைமுக ஊர். ஜனத்தொகையில் நம் ஸ்ரீவில்லிபுத்தூரைவிடச் சின்னது. அந்தக் கல்லூரிகளுக்குள் போக வெளியாளுக்கு ஒரு போட்டித் தேர்வு, ஏற்கெனவே நாலு வருடம் அரசுப் பணியில் இருப்பவனுக்குத் தனியாக ஒரு போட்டித் தேர்வு. எழுத்தன் போகலாம். நாற்காலியில் கற்றதற்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு.

இங்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் வைத்தால் பேராசிரியர்கள் வர மாட்டார்கள் என்பார்கள். எங்களுக்கு இது பழக்கமான பேச்சு. 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்துக்கு நாங்கள் வரி கட்டினோம். கலெக்டர் ஆபீஸ் உட்கார்ந்திருந்தது மதுரையில். அப்போதும் இதே மாதிரிக் காரணங்களைத்தான் சொன்னார்கள். 1956ல் திண்டுக்கல் பக்கம் காந்திகிராமத்தில் ஊரக உயர்கல்வி தொடங்கியபோது வாத்தியார்கள் வரவில்லையா? கிராமத்தைப் படிக்க கிராமத்திலேயே ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. பெருநகரத்தைப் படிக்கப் பெருநகரங்களில் இருக்கின்றன. எழுபத்தைந்தாயிரம், ஒன்றே கால் லட்சம் பேர் வாழும் ஊர்களை எங்கே படிப்பது?

தமிழில் நடத்த முடியாது என்பார்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010லிருந்து சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழில் நடத்துகிறது. அதே வருடம் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் என்று சட்டமும் வந்தது. சொல் இல்லையாம்! முடுக்கு, சந்து, சாவடி, நத்தம், புறம்போக்கு, மடை, மறுகால், கழுங்கு, வாய்க்கால், ஓடை. இதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு ஊரை எழுத வேறு எந்த மொழியில் முடியும்? ஆங்கிலத்தில் எழுதினால் முடுக்கும் சந்தும் ஒரே சொல்லாகிவிடும். முடுக்கில் தீயணைப்பு வண்டி போகாது, சந்தில் போனாலும் போகும். வித்தியாசம் தெரிய வேண்டியவன் அங்கே குடியிருப்பவன் மட்டுமல்ல.

கடைசியாக, வேலை எங்கே என்ற கேள்வி. என் பேத்தியும் கேட்டது. காலியிடங்களின் கணக்கை மேலே கொடுத்திருக்கிறேன். நிரப்பினால் வேலை. லட்சம் பேர் உள்ள ஒவ்வொரு நகராட்சிக்கும் அனுமதிப் பிரிவிலிருந்து பிரித்து, திட்டம் மட்டும் பார்க்கிற ஒருவர் வேண்டும் என்று அரசாணை போட்டால் இன்னும் வேலை. ஒரு மில்லில் கணக்கப்பிள்ளை வைத்துக்கொள்ளும் செலவுதான்.

நான் கேட்பது இது. இரண்டு வருட முதுகலை, தமிழில், பொது நிர்வாகமும் நகரமைப்பும் ஒரே படிப்பாக. கோப்பு தெரியாமல் திட்டம் போடுவதும் ஊர் தெரியாமல் கோப்பு எழுதுவதும் ஒரே நோயின் இரண்டு பக்கம். மூன்றில் ஒரு பங்கு இடம், ஐந்து வருடம் பணி முடித்த எழுத்தர்களுக்கும் சர்வேயர்களுக்கும் சுகாதார ஆய்வாளர்களுக்கும், சம்பளத்தோடு விடுப்பு. தன் வீட்டைக் காந்தி கலை மன்றமாக ஊருக்குக் கொடுத்த குமாரசாமி ராஜாவின் ஊரில் கட்டிடத்துக்குப் பஞ்சம் வராது. ஆய்வேடுகள் அலமாரியில் தூங்கக் கூடாது, நகராட்சியில் நி.மு. போட்டு நிரந்தரக் கோப்பாக வைக்க வேண்டும்.

முதல் வருட ஐப்பசியில் வகுப்பே வேண்டாம். ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடி வரை, மழையில், குடையோடு நடக்க வேண்டும். எந்தப் பாலத்தின் கீழ் தண்ணீர் போகிறது, எது ரோட்டுக்கு மேல் போகிறது என்று எண்ணி எழுதி, கையெழுத்துப் போட்டு, தேதியோடு கொடுக்க வேண்டும்.