தோட்டத்து விளக்குக்கு 12 வோல்ட் போதும்!

ஒரு காலத்தில் சோழவரம் என்றால் சென்னை மக்களுக்கு இரண்டு ஞாபகம் வரும். ஒன்று, ஏரி. இன்னொன்று, கார் பந்தயம்.

இரண்டாவது உலகப் போர் நடந்தபோது சோழவரத்தில் விமானத் தளம் போட்டார்கள். போர் முடிந்தது. விமானங்கள் போய்விட்டன. ஓடுபாதை மட்டும் கிடந்தது. அதில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் பறந்தன. பல்லாயிரம் பேர் போய் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறிவிட்டது.

இன்று சோழவரம் பக்கம் போனால் புதுப்புது வீடுகள். சென்னைக்குள் மனை வாங்க முடியாதவர்கள் இங்கே வாங்கிக் கட்டுகிறார்கள். வீட்டுக்கு முன்னால் நாலு செம்பருத்தி. பின்னால் ஒரு தென்னை, இரண்டு வாழை, ஒரு கொய்யா. துவைக்கிற கல்லும் மோட்டார் குழாயும் அங்கேதான்.

இருட்டிய பிறகு தோட்டத்தில் ஒரு விளக்கு வேண்டும் என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் அந்த விளக்கை எப்படிப் போடுகிறார்கள்? அங்கேதான் ஆபத்து இருக்கிறது!

ஜன்னல் வழியாக வரும் எமன்

பெரும்பாலான வீடுகளில் நடப்பது இதுதான்:

ஹாலில் ஒரு பிளக். அதிலிருந்து ஒரு நீள ஒயர். ஜன்னல் வழியாக வெளியே போகும். வழியில் ஒயர் போதாது. இன்னொரு துண்டை முறுக்கி, டேப் சுற்றுவார்கள். அது கொய்யாக் கிளையில் தொங்கும். கடைசியில் ஒரு ஹோல்டர், ஒரு பல்பு. “மழை வந்தால் கழற்றிவிடலாம்” என்பார்கள். கழற்ற மாட்டார்கள்.

அந்த ஒயரில் ஓடுவது 230 வோல்ட். வீட்டுக்குள் அது நல்ல வேலைக்காரன். காலில் செருப்பு, காய்ந்த தரை, சுவரில் சுவிட்ச். ஆனால் தோட்டம் அப்படி அல்ல. அம்மா வெறுங்காலோடு நிற்கிறாள். கை ஈரம். மண் ஈரம். டேப் பிரிந்த ஒயரில் கை பட்டால், மின்சாரம் உடம்பு வழியாக மண்ணுக்குப் பாய்ந்துவிடும்.

எவ்வளவு பாயும்? நனைந்த உடம்பு மின்சாரத்தை அதிகம் தடுக்காது. 200 மில்லி ஆம்பியருக்கு மேலேயே பாயலாம். 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. இந்தியாவில் ஆண்டுதோறும் 10,000 பேருக்கு மேல் மின்சாரம் தாக்கி இறக்கிறார்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் கணக்கு இது. அவர்களில் பலர் பெரிய தொழிற்சாலையில் வேலை செய்தவர்கள் அல்ல. வீட்டிலும் வயலிலும் இருந்தவர்கள்.

சோழவரம் ஏரிப் பக்கத்து ஊர். ஐப்பசி, கார்த்திகையில் மண் காய்வதே இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை தெருக்கள் குளமாயின! இப்படிப்பட்ட இடத்தில் 230 வோல்ட்டைச் செடிக்கு நடுவே இழுப்பது துணிச்சல் அல்ல, தெரியாத்தனம்.

லாரியைப் பாருங்கள்

இதற்கு வழி உண்டு. அந்த வழி சோழவரத்துக்காரர்களின் கண்ணுக்கு எதிரே இரவு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஜி.என்.டி. சாலையில் ஓடுகிற லாரிகளைப் பாருங்கள். கொட்டும் மழையிலும் விளக்கு எரிகிறது. கிளீனர் பையன் நனைந்த கையோடு பல்பை மாற்றுகிறான். ஷாக் அடிப்பதில்லை. ஏன்? லாரியின் பாட்டரி 24 வோல்ட். காருக்கு 12 வோல்ட். அன்று சோழவரம் ஓடுபாதையில் பறந்த கார்களின் விளக்கும் இந்த மாதிரிக் குறைந்த வோல்ட்டில் எரிந்ததுதான்.

“12 வோல்ட் என்றால் வெளிச்சம் குறைவாக இருக்குமே?” என்று சிலர் கேட்பார்கள். இருக்காது. காரின் முன்விளக்கு நெடுந்தூரம் சாலையைக் காட்டுகிறதே! வெளிச்சம் வோல்ட்டைப் பொறுத்தது அல்ல. பல்பின் சக்தியைப் பொறுத்தது.

தோட்டத்துக்கும் இதையே செய்யலாம். வீட்டுக்குள்ளே ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைக்க வேண்டும். அது 230 வோல்ட்டை வாங்கி 12 வோல்ட்டாகக் கொடுக்கும். தோட்டத்துக்குப் போவது அந்த 12 வோல்ட் மட்டும்தான். மண்வெட்டி பட்டு ஒயர் அறுந்தாலும், நாய் கடித்தாலும், குழந்தை தொட்டாலும் உயிர் போகாது.

சீரியல் செட் ஏமாற்றும்!

இங்கே ஒரு பெரிய ஏமாற்று இருக்கிறது. “சின்ன பல்பு என்றால் சின்ன மின்சாரம்” என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு.

திருவிழாவுக்குப் போடும் பழைய சீரியல் செட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 6 வோல்ட் பல்புகள் சுமார் 40 இருக்கும். ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்திருப்பார்கள். ஒவ்வொரு பல்பும் 6 வோல்ட்டைத்தான் எடுத்துக்கொள்கிறது. ஆனால் ஒயரின் ஆரம்பத்தில் இருப்பது முழு 230 வோல்ட். ஒரு பல்பு பியூஸ் ஆனால் எல்லாம் அணைந்துவிடும். “கரண்ட் இல்லை” என்று நினைத்து, எது போயிற்று என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பார்கள். பிளக்கைக் கழற்றவில்லை என்றால் அந்த ஒயரில் கரண்ட் இருக்கிறது. முழுசாக இருக்கிறது.

இன்று மீட்டர் கணக்கில் விற்கும் பட்டை விளக்கும் இப்படித்தான். அதில் பல, நேராக 230 வோல்ட்டில் எரிபவை. பிளக்கோடு ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதைப் பார்த்து டிரான்ஸ்பார்மர் என்று எண்ணிவிடக் கூடாது. அது மின்சாரத்தைக் குறைப்பது இல்லை. பட்டையின் மேல் என்ன அச்சடித்திருக்கிறது என்று பாருங்கள். 220 என்றோ 240 என்றோ இருந்தால் அது தோட்டத்துக்கு ஆகாது. 12 என்று இருக்க வேண்டும்.

கடைக்காரர் “எல்லாம் ஒன்றுதான் சார்” என்பார். ஒன்று அல்ல. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த யாரும் அந்த எண்ணைப் படித்துவிடலாம். படித்துவிட்டு வாங்குங்கள்.

டிரான்ஸ்பார்மரிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரையோ, பி.ஐ.எஸ். பதிவு எண்ணோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மட்டமான சரக்கில், உள்ளே ஒரு பழுது வந்தால் 230 வோல்ட் வெளியே வந்துவிடும். அப்புறம் 12 என்று எழுதியிருந்து என்ன பயன்? இந்தச் சாமானில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அதை வீட்டுக்குள்ளேயே, தரையிலிருந்து மூன்று அடி உயரத்தில் மாட்டுவது நல்லது. வெள்ளம் வாசலைத் தாண்டி வந்த வீடுகளுக்கு இதன் காரணம் தெரியும்.

ஒயர் மெல்லிசாக இருந்தால்...

12 வோல்ட்டில் ஒரு குறை உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. வோல்ட் குறைந்தால், அதே வெளிச்சத்துக்கு ஆம்பியர் கூடும். தண்ணீர்க் குழாயைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். அதிகத் தண்ணீர் போக வேண்டுமானால் குழாய் பெரிதாக இருக்க வேண்டும். அதுபோல ஒயர் தடிமனாக இருக்க வேண்டும்.

ஒரு கணக்கு: 5 வாட் விளக்கு ஐந்து. மொத்தம் 25 வாட். ஐந்தும் வீட்டிலிருந்து 30 மீட்டர் தள்ளித் தோட்டத்தின் கோடியில் இருக்கின்றன. 1 ஸ்கொயர் ஒயர் போட்டால், 2 வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே வீணாகிவிடும். விளக்குக்குப் போய்ச் சேருவது 10 வோல்ட்கூட இல்லை. மங்கலாக எரியும். “குறைந்த வோல்ட் என்றாலே இப்படித்தான்” என்று வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். குற்றம் வோல்ட்டின் மேல் இல்லை. ஒயரின் மேல். இரண்டரை ஸ்கொயர் செம்பு ஒயர் போட்டால், வழியில் 1 வோல்ட்கூடக் குறையாது.

ஒயரைக் குழாய்க்குள் விட்டு, ஓர் அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். பெருச்சாளியும் எலியும் சும்மா இருக்காது. இணைப்புகளை மண்ணுக்குள் வைக்காதீர்கள். ஈரத்தில் செம்பு பச்சை பூத்து, கொஞ்சம் கொஞ்சமாக அரித்துப்போகும். தரைக்கு மேலே, தண்ணீர் புகாத பெட்டிக்குள் இணைப்பு இருக்கட்டும். டிரான்ஸ்பார்மரை அடுத்து ஒரு பியூஸ் வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது. ஆனால் இரண்டு ஒயரும் ஒட்டிக்கொண்டால் சூடேறித் தீப்பிடிக்கலாம்.

230 வோல்ட் வேலையை வயர்மேனிடம் விட்டுவிட வேண்டும். தோட்டத்து மோட்டாரையும் அவர் பார்க்கட்டும். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. இல்லாவிட்டால் அன்றைக்கே போடச் சொல்லுங்கள். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் எங்கே வேண்டும்?

விளக்கு வாங்கும் முன்னால் ஒரு காரியம் செய்யலாம். இருட்டியதும் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு தோட்டத்தைச் சுற்றுங்கள். எங்கே கால் தடுமாறுகிறது? எங்கே வீட்டுப் பெரியவர் சுவரைப் பிடிக்கிறார்? படி, குழாயடி, கேட், கழிவறைக்குப் போகும் வழி. அங்கெல்லாம் டார்ச்சைக் கீழே வைத்துப் பார்த்தால் எத்தனை விளக்கு வேண்டும் என்று தெரிந்துவிடும். சாதாரண வீட்டுக்கு நாலைந்து போதும்.

விளக்கு முழங்காலுக்குக் கீழே இருக்கட்டும். வெளிச்சம் தரையில் விழட்டும். சிலர் தென்னை மரத்தின் தலைக்கு வெளிச்சம் அடிக்கிறார்கள். தென்னை மரம் ராத்திரியில் எங்கே போகப் போகிறது? அந்த வெளிச்சம் பக்கத்து வீட்டுப் படுக்கை அறையில் விழுந்து, அதனால் சண்டை வருவதுதான் மிச்சம்.

விளக்கின் மேல் ஐ.பி. என்று போட்டு இரண்டு எண் இருக்கும். முதல் எண் தூசிக்கு. இரண்டாவது தண்ணீருக்கு. 65 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 67 என்றால் கொஞ்ச நேரம் தண்ணீருக்குள் மூழ்கினாலும் தாங்கும். மழை நீர் தேங்கும் இடத்துக்கு 67 வாங்குவதே சரி.

பாம்பு பயம்

“பாம்பு வராமல் இருக்க ராத்திரி பூராவும் விளக்கு எரிய வேண்டும்” என்று சொல்வார்கள். வெளிச்சத்தைக் கண்டு பாம்பு ஓடாது. வெளிச்சத்துக்குப் பூச்சி வரும். பூச்சிக்குத் தவளை வரும். தவளைக்கு யார் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை! விளக்கு, பாம்பை விரட்ட அல்ல. அது வழியில் கிடந்தால் நம் கண்ணுக்குத் தெரிவதற்கு. நடக்கும்போது எரிந்தால் போதும். மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவாக வரும். வெள்ளை வெளிச்சத்துக்குக் கூட்டமாக வரும். ஆகவே மஞ்சளே மேல்.

செடிகளும் இருட்டைக் கேட்கின்றன. சாமந்தி, இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நடு இரவில் அதன் மேல் வெளிச்சம் பட்டால், இரவு முடிந்துவிட்டது என்று ஏமாந்து போகும். பூக்காது. வியட்நாமில் இதற்கு நேர் எதிரான வேடிக்கை. அங்கே டிராகன் பழத் தோட்டங்களில் இரவில் ஆயிரக்கணக்கான பல்புகளை எரித்து, பருவம் இல்லாத காலத்திலும் காய்க்க வைக்கிறார்கள். சாமந்தி வைத்திருக்கும் அம்மாக்கள், “இந்த வருஷம் ஏனோ பூக்கவில்லை” என்று உரத்தைக் குறை சொல்லும் முன்னால், எதிரே இருக்கும் விளக்கைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

சூரிய ஒளியில் எரியும் சின்ன விளக்குகளும் கிடைக்கின்றன. ஒயர் வேண்டாம், ஆபத்து இல்லை. ஆனால் மர நிழலில் வைத்தால் எரியாது. மேகம் மூடிய நாளில் சீக்கிரம் அணைந்துவிடும். லாரி கிளப்பும் தூசியைத் துடைக்காவிட்டால் அதுவும் கெடுதல். கேட்டுக்குப் பக்கத்தில் ஒன்று வைக்கலாம். பெரியவர்கள் நடக்கும் படிக்கு அதை நம்ப முடியாது.

செலவு எவ்வளவு?

மேலே சொன்ன ஐந்து விளக்கும் நாளுக்கு 4 மணி நேரம் எரிந்தால், இரண்டு மாதத்துக்கு 6 யூனிட். 50 வாட் பிளட் லைட் ஒன்று, மாலை ஆறு முதல் காலை ஆறு வரை எரிந்தால் 36 யூனிட். எது லாபம் என்று பள்ளிக்கூடப் பையனே சொல்லிவிடுவான்.

முதல் செலவு கொஞ்சம் கூடத்தான் ஆகும். டிரான்ஸ்பார்மரும் தடித்த ஒயரும் இலவசமாக வராது. கையில் பணம் குறைவாக இருந்தால் அவை இரண்டையும் முதலில் நல்லதாக வாங்கிப் போட்டுவிடுங்கள். விளக்கு ஒன்றே ஒன்று, பின்வாசல் படியில். மற்ற நாலும் பொங்கலுக்குப் பிறகு வந்தால் போதும்.